கோபே பயணமும் முதல் முடியும்

சிங்கப்பூர்
8-5-1936

அன்புள்ள அம்மாவுக்கு, பாவாயி வணங்கி எழுதுவது. அப்பாவின் மூட்டுவலி தேவலையா? நானும் குழந்தை கந்தப்பனும் சுகம்.

ஜப்பானில் கோபே நகரத்து ஜவுளிக் கம்பெனியில் இருக்கும் அவரைப் பார்த்துவர, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும், பயப்படாதீர்கள். குழந்தையின் தலையில் வேனல் கட்டிகள். மொட்டையடித்து மருந்து போட்டால்தான் கப்பலேற விடுவேன் என்றார் டாக்டர். நேற்று அடித்தாயிற்று.

"மொத முடி நம்ம காளியாத்தாளுக்குத்தான் சாமி" என்று நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது.

"ஆத்தா கடலத் தாண்டி வந்து பாக்கப் போகுதாக்கும், போ கண்ணு!" என்று பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்கா சிரிக்கிறார். அவர் திருச்செங்கோட்டுக்காரர். பி.ஏ. படித்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தூங்குகிறவன் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். கப்பலில் ஏதாவது ஆகிவிட்டால் கடலிலேயே விட்டுவிடுவார்களாமே அம்மா.

கோபே விலாசத்துக்குக் கொஞ்சம் வசம்பும், கோயில் திருநீறும் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் நாலு வரியும் வேண்டும்.

முடியை மஞ்சள் துணியில் முடிந்து இதோடு வைத்திருக்கிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் நடுக்கடலில் இருப்போம். அன்றைக்கே கோயிலுக்குப் போய்விடுங்கள் அம்மா.

பாவாயி