மூன்று எண்ணுவதற்குள்

ஜூன் 10, திங்கள்

இனியாவை இன்றும் அடித்தேன். தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலில் தயிர்சோற்றுக் கையை வைத்துவிட்டாள். மூன்றே முக்கால் வயசுப் பிள்ளைக்குப் பட்டு என்ன, பருத்தி என்ன? தெரியும். தெரிந்துதான் அடித்தேன். முதுகில் இரண்டு, தொடையில் ஒன்று. அலறினாள்.

"மூணு எண்ணுறதுக்குள்ள வாய மூடணும். ஒண்ணு... ரெண்டு..."

மூடிவிட்டாள். விக்கல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

என் அப்பாவும் மூன்று வரைதான் எண்ணுவார். அதற்குப் பிறகு பெல்ட்.

ஜூன் 14

இன்று அடி இல்லை. எண்ண ஆரம்பித்ததுமே அடங்கிவிட்டாள். "பரவால்லியே கற்பகம், பாப்பா சமத்தாயிடுச்சி" என்றார் ஹேமநாத். புருஷன் வாயால் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 19

அங்கன்வாடி டீச்சர் ரேணுகாதேவி கூப்பிட்டனுப்பினார். இனியா ஒரு பையனின் கன்னத்தை ரத்தம் வரக் கடித்துவிட்டாளாம்.

"அவன் அழுதுகினு இருந்தான். இவ முன்னால நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனா. அவன் நிறுத்தல, கடிச்சிட்டா. வீட்டுல யாருங்க அப்படி எண்ணுறது?"

வீட்டுக்கு வந்து இனியாவின் வாயிலேயே ஒன்று போட்டேன். உதடு கிழிந்தது. அவள் அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

என்னாடி பார்வை அது?

ஜூன் 22

எழுதாம இருக்க முடியல.

நான் தறியில் இருந்தேன். பின்னால் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இனியா அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. சமத்தாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து திரும்பினால் தரையெல்லாம் ரத்தம். மெஷினிலிருந்து கட்டில் வரைக்கும் ரத்தம். கட்டிலுக்கு அடியில் பிள்ளை. மெஷின் பெல்ட்டில் மாட்டி சுண்டுவிரல் நுனி நகத்தோடு பிஞ்சி தொங்குது. இன்னொரு கையால வாயப் பொத்திகினு கீறா. விரல் சந்துல கேக்குது - ஒண்ணு, ரெண்டு, மூணு. மறுபடியும் ஒண்ணு.

எத்தனை தடவை எண்ணினாளோ. பெத்தவ நாலு அடி தள்ளி உக்காந்துகினு கீறேன், என்னைக் கூப்பிடல.

தூக்கக் கையை நீட்டினேன். இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள்.

ஜூன் 23

நேற்றே ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். ஊசி குத்தும்போதும் சத்தம் இல்லை. "தைரியமான பொண்ணு" என்றார் நர்ஸ்.

ஜூலை 1

கட்டு மாற்றினார்கள். மடியில் வைத்திருந்தேன். பஞ்சைப் பிரிக்கும்போது அவள் கை தானாக வாய்க்குப் போனது. என்ன சொல்லி ஆற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். பிள்ளையின் உடம்பு விறைத்தது. பயந்துபோய் நிறுத்தாமல் நாலு, அஞ்சு என்று போனேன். முதுகைத் தடவிக்கொண்டே போனேன். பதினொன்றில் வாயிலிருந்து கை இறங்கியது. சின்னதாக ஒரு முனகல்.

ஜூலை 12

திருந்திவிட்டேன் என்று யார் சொன்னது? புருஷனோடு சண்டை. தட்டைச் சுவரில் வீசி அடித்தேன். இனியா கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள். வெளியே இழுத்து இரண்டு போட வேண்டும் என்று கை துடித்தது. சத்தியமாகத் துடித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து எண்ணினேன். அவளுக்காக இல்லை, எனக்காக. நூற்று நாற்பது இருக்கும், ஒரு குட்டிக் கால் வந்து என் கையைத் தொட்டது.

ஜூலை 13

ஒன்றும் நடக்கவில்லை. தட்டுப் பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 2

தெருவில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். "அம்மா"ன்னு ஒரு அலறல். நான் நெய்துகொண்டிருந்த தறி மேலேயே பாய்ந்து வந்தாள், இழைகள் அறுந்தன. என்னைக் குத்தினாள், தோளைக் கடித்தாள், காது கிழியக் கத்தினாள். பக்கத்து வீட்டு ராதிகா ஓடி வந்தாள்.

"என்னாக்கா, இப்படிக் கத்திகினு கீறா?"

"கத்தட்டும்டி. என்கிட்டதானே கத்துறா."

மடியில் போட்டுக்கொண்டு எண்ணினேன். எழுபத்தொன்றில் விக்கல் நின்றது. நானும் நிறுத்தினேன்.

"இன்னும் எண்ணும்மா" என்றாள்.