இரண்டையும் விடவில்லை

அம்மாவின் பாதம் தொட்டு மகள் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

பயப்படாதீர்கள், நல்ல சேதிதான். நான் அந்த ரயில் ஓட்டுநரைக் கட்டிக்கொள்ளப் போவது தெரிந்ததும், எங்கள் தொலைபேசி நிலைய மேலாளர் கூப்பிட்டார்.

"கல்யாணமான பொம்பளைங்களுக்கு இங்க வேலை இல்லம்மா. வேலையா, அவரா?"

"ரெண்டும்தான் சார்," என்றேன்.

அவர் எரிந்துவிழுந்தார். என்னோடு வேலை செய்யும் தோழிகள் எல்லோரும் தொலைபேசி இணைப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஊரே ஊமையாகிப்போனது. மேலாளர் விதியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, "போய் வேலையப் பாரும்மா" என்றார்.

நடந்ததை என் ரயில் ஓட்டுநரிடம் சொன்னேன். "அப்போ நான் சமைக்கக் கத்துக்கணும்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். முட்டிவலியோடு இவ்வளவு தூரம் உங்களால் வர முடியாதே, கல்யாணத்தன்று நீங்கள் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

இப்படிக்கு,
கல்யாணமான மறுநாளே வேலைக்குப் போகப்போகும்
உங்கள் மகள்