தாம்பாளத்தில் முதல் போன்

அடையாறு, சென்னை
2-5-1999

தம்பி ஜெயராமுக்கு,

அக்கா தேவானை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று நினைத்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பம்பாயில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது நினைக்கிறேன். ஆறு மாதமாக உன்னோடு பேசாதவள் இப்படிச் சொன்னால் நம்புவாயோ என்னவோ.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று உமர் ஃபாரூக் பாயின் எஸ்.டி.டி. கடைக்கு மூன்று தடவை போனேன். பாயே உன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேட்டதுமே ரிசீவரை வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை பாய், "லெட்டரே எழுதிடுங்கக்கா, போன் உங்களுக்கு ஒத்துக்காது" என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

நம் சின்னவள் தமிழ்நிலாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெயர் செந்தில்குமார், கொட்டிவாக்கத்துப் பையன், பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறான். நான் சமைக்கிற ஆழ்வார்பேட்டை வீட்டுக்கு வேலைக்கு வந்தவன்தான். அந்த வீட்டுப் பங்கஜம் அம்மா பேச்சை எடுத்து முடித்து வைத்தார். வைகாசி பதினாலு, வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். மயிலாப்பூரில் சின்ன மண்டபம். பெரியவள் ஜானகி போய் வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்லது நடக்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். தமிழ்நிலா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. இன்னமும் அவள் அக்கா சீப்பில்தான் தலை வாருகிறாள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஜானகி கல்யாணத்தில் நடந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அதை உட்கார்ந்து பேசியதே இல்லை. நான் தாலியறுத்தவள், மேடைக்கு வரக் கூடாது என்று சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தேன். தாலி கட்டும்போது கெட்ட வார்த்தை எதுவும் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறோம். அந்த நேரம் பார்த்து உன் போன் அடித்தது. மேளச் சத்தத்தில் பேச்சு கேட்காமல், மேடை ஓரத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நீ கத்தினாய். மூன்றாவது முடிச்சு விழுந்து மேளம் நின்றது. உன் குரல் நிற்கவில்லை. "இன்னாது, உயிர் போயிடுச்சா? எப்போ?" என்று நீ கேட்டது நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. உன் லாரி கம்பெனி முதலாளி இறந்த செய்தி. சோறு போட்டவர் போய்விட்டார் என்றால் யாருக்குத்தான் அடக்கிப் பேச வரும்?

நாலாவது மாதம் ஜானகியின் மாமனார் மாரடைப்பில் போனார். அப்போது பிடித்துக்கொண்டார்கள், "தாலி ஏறும்போதே சாவு சேதியோட வந்தவ" என்று. அவள் ஊற்றிய காபியை மாமியார் தொடாமல் ஆறப் போட்டுவிடுவாளாம். அவள் புருஷனும் வாயைத் திறக்கவில்லை. மாசி மாதம் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். ஐப்பசியில் மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நான் எடுத்துக் கொடுப்பேன், வாயில் போட்டுக்கொள்வாள். அவள் போன பிறகு தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே அத்தனை மாத்திரையும் இருந்தது.

அவள் போன சேதி கேட்டு நீ ரயில் ஏறி ஓடி வந்தாய். தெருவே பார்க்க, "உன் போனை ஆத்துல வீசிட்டு வா, அப்பறம் அக்கான்னு கூப்புடு" என்று துரத்தினேன். அவள் முகத்தைப் பார்க்கவிடவில்லை. நீ தெருமுனை டீக்கடையோரம் சாயங்காலம் வரை நின்றிருந்தாய் என்று பிறகு சொன்னார்கள்.

இந்தக் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிகிறவரை யார் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சகுனத்துக்குப் பயந்து இல்லை தம்பி. நாளைக்கு என்ன நடந்தாலும் இவள் தலையில் கட்டுவதற்கு யார் கையிலும் ஒன்றும் கிடைக்கக் கூடாது. மாப்பிள்ளை பக்கம் நாலு பேரிடம் போன் இருக்கிறது. சம்பந்தியம்மா, "மத்தவங்களுக்கு நான் சொல்றேன், சேட்டுகிட்ட நீயே பேசிக்கோம்மா" என்று கழன்றுகொண்டாள். சேட்டு என்பவர் மாப்பிள்ளையின் சித்தப்பா, வேளச்சேரியில் மனை வாங்கி விற்கிறவர். சாப்பிடும்போதும் இலைக்குப் பக்கத்தில் போன் இருக்கும். நான் போய்க் கேட்டதும், "இன்னாமா, போன் இன்னா பாம்பா, புடிச்சிக் கூடையில அடைக்கிறதுக்கு?" என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அவ்வளவு பேர் எதிரில் ஜானகி கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது சேட்டு போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். "நான் மட்டும் வெச்சா நம்ம ஆளுங்களே கிண்டல் பண்ணுவானுங்க. மொதல்ல பொண்ணோட தாய்மாமன் வெக்கட்டும், அடுத்தது என்னுது. உன் தம்பி வருவான்ல?" என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

வாசலில் சந்தனம், கற்கண்டு வைக்கிற மேசையில் ஒரு தாம்பாளம் வைக்கப்போகிறோம். உமர் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். "போனுக்குக் காவல் காக்கறதுதானேக்கா என் பொழப்பே" என்கிறார்.

சேட்டிடம் எல்லாம் சொன்னேன், ஒன்றை மட்டும் மறைத்தேன். ஜானகி கல்யாணத்தன்று காலையில் நீ போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாய். நான்தான் சாவியை வாங்கித் திறந்தேன். "பாக்கெட்டுல வெச்சுக்கடா, தாய்மாமன் லேசுப்பட்டவன் இல்லன்னு சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கட்டும்" என்று வெள்ளைச் சட்டையில் வெளியே தெரிகிற மாதிரி நானே செருகிவிட்டேன். நான் துரத்தியபோது நீ இதைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனை ஆற்றில் வீசியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். எடுத்துக்கொண்டு வா. உன் கையால் தாம்பாளத்தில் முதலில் வைத்துவிட்டுப் போய் தமிழ்நிலா பக்கத்தில் நில். நான் மேடைக்கு வர முடியாது. அங்கே அவளுக்கு என்று நிற்க உன்னைத் தவிர யாரும் இல்லை.

உன் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். நாலு நாள் முன்பே வந்துவிடு, ஜானகி படத்தை உனக்குக் காட்ட வேண்டும். வருகிறேன் என்று பாய் கடைக்குப் போன் பண்ணாதே. நேரே வந்து கதவைத் தட்டு.

உன் அக்கா
தேவானை