சின்ன இசைத்தட்டு

ஜெராம், 1984

அன்பு மகன் தம்பிக்கு,

லண்டனில் நாலு வெள்ளைக்காரப் பையன்களோடு சேர்ந்து நீ பாடிய முதல் இசைத்தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது. அட்டையில் உங்கள் யார் முகமும் இல்லை, மழையில் நனைந்த ஒரு சைக்கிள்தான் இருந்தது. படம் பிடித்தவனும் என்னை மாதிரி விவரம் தெரியாத ஆள் போலிருக்கிறது.

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் தேவதாசிடம் பாட்டுப்பெட்டியை இரவல் வாங்கி, உன் அம்மாவின் கட்டிலருகே வைத்தேன். பாரம் ஏற்றிய லோரி மேடேறுவது போல உன் குரல் இழுத்து இழுத்து வந்தது. "இங்கிலீஷ் பாட்டு இப்படித்தான் லா" என்றேன், பெரிய வித்துவான் மாதிரி.

"ஏங்க, புள்ள அழுவுறானே! குளுருல பட்டினியா கெடக்குறானோ? வரச் சொல்லி எழுதுங்க" என்றாள் அவள். தினமும் போடச் சொல்லிக் கேட்டாள், தினமும் அதையே சொன்னாள். அதனால்தான் அப்படி அடுத்தடுத்து எழுதினேன். கச்சேரியெல்லாம் முடியட்டும் என்று நீ போட்ட பதிலையும் வாசித்துக் காட்டினேன்.

நேற்று பெட்டியை எடுக்க வந்த தேவதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, சின்னத் தட்டுக்கு வேகத்தக் கூட்டணும் லா! இவ்ளோ நாளா இப்படியா ஓட்டுனீங்க?"

குமிழைத் திருப்பினான். பாட்டு துள்ளியது. நீ சிரித்துக்கொண்டே பாடுகிறாய். நானும் தப்பும் தவறுமாகத் தாளம் போட்டேன்.

தந்தி கிடைத்திருக்கும். அம்மாவின் கருமக்கிரியையும் முடிந்துவிட்டது, இனி அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே. நீ அழவில்லை என்று சொன்னால் கேட்கத்தான் இங்கே ஆளில்லை.

தாளம் தெரியாத
உன் அப்பா