சிலேட்டுப் படங்கள்

தூத்துக்குடி,
சனிக்கிழமை.

தம்பி நேசக்குமாருக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன். நீயும் ஷீஜாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மதினி ஜெப்ஸியும் இருக்கிறோம்.

போனில் சொன்னால் என்ன என்பாய். போன் வந்ததும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். நீங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அரை மணி நேரத்தில் அது சாத்தான்குளத்தில் பொன்னுதுரை மாமா கையில் இருக்கும். காகிதத்தை நீ மாமாவுக்கு அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் அம்மாவின் செய்தி. வலது காலை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை வருகிறார்கள். சாப்பாடு குறைந்துவிட்டது. மத்தியானம் இரண்டு வாய் சோறு, அதற்குமேல் ஜெப்ஸி கெஞ்ச வேண்டும். இந்த வாரம் இடது கால் சுண்டுவிரலில் கறுப்பு விழுந்திருக்கிறது. கட்டுப்போட வருகிற நர்ஸ் இசபெல்லாதான் முதலில் பார்த்தாள். என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, போன தடவ மாதிரி இதத் தள்ளிப் போட்டுராதிய. இங்கிலாந்துல தம்பிட்ட கேக்கணும்னு நிக்காதிய" என்றாள். நான் நிற்கவில்லை. அம்மாவைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். ஆகவே இதில் உன் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

எழுத வைத்தது வேறொன்று. சர்ஜனுக்குக் காட்டுவதற்காக அந்த விரலைப் படம் எடுக்கப் போனேன். போனைக் கையில் எடுத்ததுமே அம்மா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்கள். "நீ எடுக்காண்டாம்லே, ஜெப்ஸிய எடுக்கச் சொல்லு. ஒனக்கு அது சரியா வர மாட்டேங்கு" என்றார்கள். கோபமே இல்லை. காப்பிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். ஜெப்ஸி என் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கிப் படம் எடுத்தாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு எப்போதும் சரியாகத் தெரிந்ததில்லை. யாராவது கேட்டால் "ஹார்பர்ல இருக்கான்" என்று சொல்லிவிடுவாய். கப்பலில் வந்த சரக்கு எங்கே நனைந்தது, எங்கே கிழிந்தது, யார் கையில் கெட்டது என்று பார்த்துப் படத்தோடு அறிக்கை கொடுக்கிற சர்வேயர் நான். கோதுமை, மரக்கட்டை, முந்திரி, நசுங்கிய கன்டெய்னர் என்று என் பாதி ஆயுள் இதில் போய்விட்டது. என் படங்களை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டு வக்கீல்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். இது எந்தக் கப்பலில் எடுத்தது என்று கேட்டு ஒரு படம்கூடத் திரும்பி வந்தது கிடையாது. என் அம்மாவுக்கு மட்டும் நான் படம் எடுக்கத் தெரியாதவன்.

இது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுத்தில் இருக்கட்டும்.

வலது குதிகாலில் புண் வந்தபோது தினமும் படம் அனுப்பு என்றாய். வாட்ஸ்அப்பில் தெளிவு போய்விடும், அதனால் எல்லாவற்றையும் நெட்டில் ஒரு ஃபோல்டரில் போடு என்றாய். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைக்க வேண்டும், எந்தக் கால், என்ன தேதி, கழுவும் முன்பா பின்பா என்று பெயரிலேயே தெரிய வேண்டும் என்றாய். உன் ஆஸ்பத்திரியில் ஜூனியர்களுக்குச் சொல்வதுபோல இருந்தது. சரி என்றேன். நீ போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உனக்குப் பழசாகிவிட்டது என்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போன போன்தான் அப்போது என்னிடம் இருந்தது. அதில் எடுத்த படத்துக்குப் பெயர் வைக்க எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. தானாக ஒரு எண் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். கேட்டபோது கம்ப்யூட்டரில் ஏற்றி மாற்று என்றாய். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஆபீசில் இருப்பது ஊருக்கே பொதுவானது. அம்மாவின் காலை அங்கே எல்லாரும் பார்க்கும்படி விரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஹார்பரில் நாங்கள் செய்கிறபடியே செய்தேன். கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரித் தூசிக்குள் கையுறையோடு நின்றுகொண்டு யாரும் படத்துக்குப் பெயர் அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு சிலேட்டில் சாக்பீஸால் கப்பல் பெயர், இடம், தேதி எழுதி முதலில் அந்தச் சிலேட்டைப் படம் எடுப்போம். பிறகு சரக்கை எடுப்போம். அடுத்த சிலேட்டு வரும்வரை உள்ள படங்கள் எல்லாம் முந்தின சிலேட்டுக்குச் சொந்தம். போன் என்ன எண் போட்டாலும் கவலை இல்லை.

சிலேட்டைக் குதிகாலுக்குப் பக்கத்திலேயே வைத்து எடுக்கத்தான் பார்த்தேன். அம்மா விடவில்லை. "என்னலே இது, கள்ளனப் புடிச்சி ஸ்டேஷன்ல நிறுத்தி வச்ச மாதிரில்லா இருக்கு! என் காலு யார் வீட்டுல களவாண்டுச்சு?" என்றார்கள். இசபெல்லா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பஞ்சு கீழே விழுந்துவிட்டது. இந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி. சரியென்று முதலில் சிலேட்டைத் தனியாக எடுத்தேன், பிறகு காலை எடுத்தேன். சிலேட்டை வைத்துப் பார்த்துக்கொள் என்று உனக்கு எழுதினேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினாய்.

நடுவில் உன் போன், கப்பல் ஏணியில் ஏறும்போது என் சட்டைப்பையிலிருந்து நழுவிக் கடலில் போய்விட்டது. அதன்பிறகு ஜெப்ஸியின் போனில் எடுத்தேன். உன் போனில் எண் நாலாயிரத்துக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனில் முந்நூறைக்கூடத் தாண்டவில்லை. சிலேட்டு இருக்கிறதே என்று நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இங்குள்ள சர்ஜன், புண் உள்ளே ஓடுகிறது, உடனே திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்றார். அம்மா, நேசனைக் கேட்காமல் முடியாது என்றுவிட்டார்கள். நீ ஒரு லீவு நாளில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் ஒன்றாக இறக்கி, எண் வரிசையில் அடுக்கிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "புண்ணு சுருங்கிட்டு வருதும்மா, ஆறுது. அங்கன உள்ளவங்களுக்குக் கத்திய எடுக்கணும், அவ்வளவுதான்" என்று சொன்னாய். பெரிதாகிறது, நாற்றம் வருகிறது என்று நான் சொன்னேன். இசபெல்லாவும் சொன்னாள். "அண்ணே, தெனமும் பாக்கவனுக்கு வித்தியாசம் தெரியாது. நான் மொத்தமா வச்சுல்லா பாக்கேன்" என்றாய். காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர் நீ. ஆனாலும் இங்கிலாந்தில் பார்க்கிறாய். அம்மா என்னிடம், "நேசன் சொல்லிட்டாம்லா, பேசாம இரி" என்றார்கள். பேசாமல் இருந்தேன். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அம்மா வீடு திரும்பியதும் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். பாட்டும் ஜெபமும் முடிந்து எல்லாரும் வடையைக் கையில் எடுத்த நேரத்தில் பொன்னுதுரை மாமா என்னைப் பார்த்து, "ஏலே, படத்த ஒழுங்கா வரிசையா அனுப்பத் தெரியாதா ஒனக்கு? இவன் குழப்பி அனுப்புனதுல அந்தப் பய அங்கன இருந்து என்னத்தக் கண்டான்? எம்.எஸ்ஸி படிச்சிருக்கானாம்" என்றார். நான் குழப்பி அனுப்பினேன் என்று நீதான் அவரிடம் சொல்லியிருந்தாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கையை உயர்த்தி, "போட்டும் அண்ணாச்சி. அவன் என்ன, வேணும்னா செஞ்சான்? பெத்தவ நான் மன்னிக்காம யாரு மன்னிப்பா" என்றார்கள். கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வைதிருந்தால்கூடத் திருப்பி வைதிருப்பேன். மன்னிப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

நீ அடுக்கி வைத்த படங்களை மாமா எனக்கு அனுப்பி, கடைசிப் படத்தில் புண் சின்னதாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தார். வெட்கம் பார்க்காமல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே திறந்தேன். ஒரு சிலேட்டுகூட இல்லை. கடைசியில் இருந்த படங்களில் எல்லாம் நீலப் போர்வை கிடந்தது. அது முதல் வாரத்துப் போர்வை. முதலில் இருந்த படங்களில் இசபெல்லா பின்னால் வாங்கிவரச் சொன்ன ரப்பர் ஷீட் இருந்தது. ஜெப்ஸியின் சின்ன எண்கள் முன்னால் போய், உன் போனின் பெரிய எண்கள் பின்னால் வந்துவிட்டன. நீ முடிவிலிருந்து ஆரம்பத்தை நோக்கிப் பார்த்திருக்கிறாய். புண் சுருங்கத்தான் செய்யும்.

உன்னைக் கூப்பிட்டேன். சிலேட்டுப் படங்கள் எங்கே என்று கேட்டேன். "அது என்னத்துக்குண்ணே, சும்மா எடத்த அடைக்குன்னு அழிச்சிட்டேன். வெறும் சிலேட்டு தான?" என்றாய். ஜெப்ஸியின் போனைப் பற்றிச் சொன்னேன். உன் வீட்டில் குழாயில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ என் எண்ணுக்குக் கூப்பிடுவதில்லை. ஜெப்ஸியின் போனுக்குத்தான் வருகிறாய்.

உன்மேல் எனக்கு உள்ள வருத்தங்கள் பழையவை. என் மார்க் உன் மார்க்கைவிடக் கூட இருந்தும் அப்பா உன்னைத்தான் டாக்டருக்கு அனுப்பினார். அப்பாவின் கல்லறையில் உன் பட்டங்களை எல்லாம் பொறித்ததில் இடம் பற்றாமல் என் பெயர் அடுத்த வரிக்குப் போயிற்று. அதையெல்லாம் நான் விடவில்லை, விடுகிறவனும் இல்லை. ஆனால் இது அந்தக் கணக்கில் சேர்ந்தது அல்ல. அழித்தது தெரியாமல் செய்தது. யாராக இருந்தாலும் அழித்திருக்கலாம். தெரிந்த பிறகும் நீ சும்மா இருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஒருநாள் அதற்காகவே கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா உன் வெள்ளைக் கோட்டுப் படத்தை இசபெல்லாவிடம் காட்டி, "இந்தப் பய இல்லைன்னா நான் இதுக்குள்ள போய்ச் சேர்ந்திருப்பேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இசபெல்லாவுக்கு எல்லாம் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய்விட்டேன். நான் சொன்னால் அது தம்பிமேல் பழி போட்டதாக ஆகும். நீ சொன்னால்தான் அம்மாவுக்கு அது உண்மை. பயப்படாதே, அம்மா உன்னை வெறுக்கப் போவதில்லை. "அய்யோ, இத்தன நாளா இத வச்சிட்டு பிள்ள எப்படித் தவிச்சானோ" என்றுதான் முதலில் சொல்வார்கள். அதற்கும் அழப்போவது உனக்காகத்தான்.

சர்ஜன் இந்தமுறை உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. வயதும் சுகரும் இருதயமும் சேர்ந்து இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்கு அர்த்தம் எனக்கு உன்னைவிடத் தெரிந்துவிடப் போவதில்லை. இந்தக் கடிதம் வரும்போது அம்மா இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன். இருந்தால், படித்த அன்றைக்கே கூப்பிடு. எண், சிலேட்டு, போன் எதையும் விளக்க வேண்டாம். அண்ணன் ஒழுங்காகத்தான் அனுப்பினான் என்று ஒரு வரி சொல், போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு வேண்டிய தைரியத்தைக் கர்த்தர் உனக்குத் தரட்டும். உன் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இப்படி எழுதவேண்டிய நாள் வராமல் அவர் காக்கட்டும்.

இந்த இடத்தில் வழக்கமாக உன் அன்புள்ள அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்டால் ஆபீஸ் கடிதம்போல் ஆகிவிடுகிறது. அதோடு, கையெழுத்து இருந்தால் எனக்கு ஒரு பதில் எழுதிவிட்டு உன் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவாய். எனக்குப் பதில் வேண்டாம். நீ பேச வேண்டியது அம்மாவிடம். அதனால் பெயர் போடாமல் இப்படியே கவரில் வைத்து ஒட்டி, தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்த்துவிடப் போகிறேன்.