நண்டு மேல் போட்ட பழி

தூத்துக்குடி, ஆஸ்பத்திரி வார்டு
5.6.2024

தங்கச்சியாகப் பிறந்த சந்தனச்செல்விக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்று முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால் சொன்னேன். இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன்.

பித்தப்பையை ஆபரேசன் செய்து எடுத்தார்கள். உள்ளே பித்தநீர் கசிகிறதாம். நாளைக்கு வாய்வழியே குழாய் விட்டு, பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள். கிருமி ரத்தத்தில் ஏறாமலிருக்க முதலிலேயே ஆன்டிபயாடிக் ஊசியாம். "முன்னால எந்த ஊசியாவது ஒத்துக்காமப் போயிருக்கா பாட்டி?" என்று டாக்டர் கேட்டார். போயிருக்கு என்றேன். பேர் தெரியவில்லை.

86 பங்குனி, புதன்கிழமை. சிப்பி கிழித்த காலோடு நீ நர்சாக இருந்த இடத்துக்கு வந்தேன். ஊசி போட்டாய். உதடு வீங்கி மூச்சடைத்தது. "அக்கா மத்தியானம் நண்டு தின்னுட்டா, அதாம்மா" என்று அம்மாவிடம் சொன்னாய். அதற்காகவே அன்றிலிருந்து வாராவாரம் நண்டு தின்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

அது என்ன ஊசி? என் மகன் பாண்டியராஜிடம் எழுதிக் கொடு. வாயால் சொல்லி அனுப்பாதே. பேர் தெரியாமல் ஆபரேசன் மேசையில் ஏற மாட்டேன்.

செல்லக்கிளி

திருச்செந்தூர்
5.6.2024, சாயங்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டியராஜ் வாசலிலேயே நிற்கிறான். "காப்பி குடிச்சா அம்மா ஏசுவா, சித்தி" என்கிறான்.

அது பென்சிலின். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்காமல் போட்டேன். அப்போது சேர்ந்து நாலு மாசம். வேலை போய்விடும் என்று பயந்து நண்டு மேல் பழி போட்டேன். சீட்டிலும் அப்படியே எழுதினேன். இதை டாக்டரிடம் காட்டு. வேறு வகை மருந்து இருக்கிறது. ஊசியே வேண்டாம் என்று மட்டும் அடம் பிடிக்காதே அக்கா. கசிவோடு குழாய் விட்டு, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

செல்வி

தூத்துக்குடி
8.6.2024

செல்விக்கு,

வேறு ஊசி போட்டார்கள். ஸ்டென்ட் வைத்தாயிற்று. காய்ச்சல் வரவில்லை.

உன் காகிதத்தைப் படித்த டாக்டர், என் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் 'பென்சிலின் கூடாது' என்று எழுதினார். நர்ஸ் ஜெஸ்மியை மூன்று தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இனி நண்டு வாங்க வேண்டாம் என்று பாண்டியராஜிடம் சொல்லிவிட்டேன். எனக்கு நண்டு எப்போதுமே பிடிக்காது.

ஸ்டென்டை எடுக்க ஜூலை 17 மறுபடியும் மேசையில் ஏற வேண்டும். வா. பேச மாட்டேன், சொன்னது சொன்னதுதான். ட்ரிப்ஸை இடது கையில்தான் ஏற்றுகிறார்கள். வலது கை சும்மாதான் கிடக்கும்.

அக்கா