கண் மருத்துவமனையில் ஒரு நாற்காலி

மார்ச் 4, புதன்

வார விடுமுறை. அலுவலகப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. காலையில் மாமனாரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வாஷிங் மெஷின் மெக்கானிக் பன்னிரண்டரைக்கு வந்தார். அப்புறம் நாத்தனாரின் பார்சலுக்காகக் காத்திருந்தேன். "புதன்கிழமைன்னா அண்ணி வீட்ல சும்மாதானே இருப்பாங்க." சும்மா! ஐந்தரைக்குத்தான் உட்கார்ந்தேன். உடனே மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆறு நாள் குடிநீர்ப் புகார்ப் பிரிவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஏழாவது நாள் யார் குரலும் கேட்காமல் ஒரு மணி நேரம் — இது பேராசையா?

மார்ச் 5, வியாழன்

இவரிடம் கேட்டுப் பார்த்தேன், மூன்றாவது முறையாக. புதன்கிழமை ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்கிறேன், யாரும் கூப்பிட வேண்டாம் என்று.

"ஏன், எங்க மேல என்ன கோவம்?"

கோபமில்லை என்று புரியவைப்பதிலேயே அந்த ஒரு மணி நேரம் போயிற்று.

மார்ச் 11, புதன்

கடைக்கு என்று சொல்லிக் கிளம்பினேன். பூங்காவில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் வந்து "தனியாவா வந்திருக்கீங்க?" என்றார். எழுந்துவிட்டேன். டீக்கடையில் கோப்பை காலியானதும் மேசையைத் துடைக்க வந்து நின்றார்கள். இவ்வளவு பெரிய நகரத்தில் ஒருத்தி சும்மா உட்கார இடமில்லை.

கால் வலிக்க, கண் மருத்துவமனைக்குள் நுழைந்தேன். இரண்டாவது மாடியில் சொட்டுமருந்து போட்டுக்கொண்டவர்கள் கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேச்சு மூச்சு இல்லை. நானும் கடைசி நாற்காலியில் கண்ணை மூடினேன். நர்ஸ் வந்து, "மருந்து போட்டாச்சா?"

"ஆச்சு."

நாற்பது நிமிடம்!

மார்ச் 18, புதன்

அங்கேயே. ஒரு மணி பத்து நிமிடம்.

மார்ச் 25, புதன்

மாட்டிக்கொண்டேன். மருத்துவமனைப் படியில் நாத்தனார் பார்த்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராக அண்ணனுக்குப் போன். நான் வீடு திரும்பியபோது இவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசலில் நிற்கிறார்.

"கண்ணுக்கு என்ன? ஏன் எங்கிட்ட மறைச்ச?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கண்ணுல பிரஷராம். நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம்" என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 1, புதன்

மாமனார் டிவியைப் போடவே இல்லை. நாத்தனார் வந்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். இவர் லீவு போட்டுப் பாத்திரம் கழுவினார். கதவை வெளியிலிருந்து அவரே சாத்தினார், சத்தம் வராமல்.

ஒரு மணி நேரம் கேட்டவளுக்கு ஒரு நாள் முழுக்கக் கிடைத்தது. படுத்துக்கொண்டு அழுதேன். அலுத்துப்போச்சுன்னா காதுல விழாது, வியாதின்னாத்தான் விழும். அப்படித்தானே?

ஏப்ரல் 6, திங்கள்

பெரிய டாக்டரிடம் காட்டவேண்டும், பழைய சீட்டை எடு என்றார் இவர். சீட்டுக்கு எங்கே போவேன்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப கண்ணுக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவர் முகத்தில் நிம்மதி வந்தது, பார்த்தேன். ஒரு கணம்தான்.

"பத்துப் பன்னெண்டு நாளா நான் தூங்கல தெரியுமா? வயசானவர் உனக்காக டிவியைக்கூடப் போடாம உக்காந்திருந்தாரு. எல்லாரையும் முட்டாளாக்கிட்ட."

அது தப்புதான். ஒத்துக்கிட்டேன். "ஆனா மூணு தடவை உங்ககிட்ட கேட்டேனே?"

"கேட்டியா? எப்ப?"

நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை இவருக்கு.

ஏப்ரல் 8, புதன்

இரண்டு நாளாக யாரும் என்னோடு பேசுவதில்லை. இவர் சொல்லாமல் கிளம்பிப் போனார். மாமனார் தானே டீ போட்டுக் குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நாத்தனார் போன் செய்யவில்லை. ஒருவரும் ஒரு வேலையும் ஏவவில்லை.

பதினொரு மணிக்குப் படுத்தேன். விழித்தபோது மூன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தெரியும். கேட்கத்தான் போகிறேன்.

அடுத்த புதன் கழியட்டும்.